மனைக்கேற்ற மலர் மரங்கள்

மலரை விரும்பாத மாந்தர் உலகில் அரியர். அவருள்ளும் தமிழ் மக்கள் மலரோடு கொண்ட தொடர்பு மிகப் பழைமையானது. தாம் வாழ்ந்த நிலத்தை ஐந்தாக வகுத்த பொழுது, நம் முன்னோர் அவற்றுக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பூவும் மரமும் பற்றியே பெயரிட்டனர். இவ்வைந்தனுள் மருதமும் பாலையும் மரங்கள் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது. குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள்ளும் கொன்றை, வேங்கை, புன்னை, சண்பகம் என மரங்களிற் பூப்பன பல உள.

மரத்தை மனையோடு உறவுபடுத்திக் கண்ட காட்சி ஒன்று நற்றிணையின் 172ஆம் பாட்டில் உளது. சிறுமியர் விளையாட்டாக மணலிற் புதைத்து மறந்துவிட்ட புன்னைக் காய் ஒன்று முளைத்தெழுகின்றது. அவர்கள் அதற்கு நெய்யும் பாலும் வார்த்து வளர்க்கின்றனர். அம்மரம் உங்களினும் சிறந்த தங்கையன்றோ என்று அன்னை மகளிரிடம் கூறுகின்றாள். பின்னர் வளர்ந்து பருவமெய்திய தலைவி, தன் தங்கையாகிய அம்மரத்தின் நிழலில் நின்று காதலனோடு நகைத்துப் பேச நாணுகின்றாள். வீட்டில் வளர்ந்த மரம் வீட்டாருள் ஒருவராக மதிக்கப்பட்ட நிலை இது.

இன்று நம் மனைகளில் மரங்கள் எந்நிலையில் உள்ளன? நட்ட கையே பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோடரியை எடுக்கின்றது. மின்கம்பியைத் தொட்டது என்று ஒரு மரமும், சாக்கடைக் குழாயை வேர் அடைத்தது என்று மற்றொரு மரமும், மதிற்சுவர் பிளந்தது என்று இன்னொரு மரமும் வெட்டப்படுதலை நகரத்துத் தெருக்களில் நாம் காண்கிறோம். இவற்றை வெட்டுவோர் எல்லாரும் மரத்தின் பகைவர் அல்லர். பெரும்பாலோர் அவற்றை ஆசையோடு நட்டவரே. முற்றி வளர்ந்த மரத்தின் அளவை நடும்பொழுதே எண்ணிப் பாராமையே இவ்வழிவுக்கு முதற் காரணம். ஆதலின், மனைக்கு ஏற்ற மலர் மரம் எது, அதனை எங்கே, எவ்வாறு நட்டுப் பேணுவது என்பனவற்றை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வேன்.

இடம்

மரம் நட விரும்புவோர் முதலில் நோக்க வேண்டுவது நாற்றை அன்று. அந்நாற்று மரமாகி நிற்கப்போகும் வெளியையே. நாற்றுப் பண்ணையிற் காணும்பொழுது எல்லாக் கன்றுகளும் முழங்கால் உயரமே இருக்கும். அவற்றுள் ஒன்று பத்தடி உயரத்தோடு அமையும். மற்றொன்று அறுபதடி ஓங்கும். இவ்வேறுபாடு கன்றின் முகத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை.

இதற்கு எளியதொரு வழி உண்டு. மனையின் வடிவை ஒரு தாளில் அளவு குறைத்து வரைந்து, வீடு, மதில், கிணறு, கழிவுநீர்த் தொட்டி, குழாய் செல்லும் வழி, மின்கம்பி ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. பின்னர் நட எண்ணிய மரத்தின் தலைவிரிவை ஒரு வட்டமாக அதில் வரைந்து பார்க்க. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி; நாற்பதடி அகலமும் அறுபதடி நீளமும் உடைய மனை எனக் கொள்வோம். முப்பது நாற்பதடி அகலம் கவியும் செம்மயிற்கொன்றையின் வட்டத்தை அதில் இட்டால், மனையின் முன்புறம் முழுவதையும் வட்டம் விழுங்கித் தெருவையும் தொடும். கொன்றையின் வட்டம் இருபதடிக்குச் சற்று மிகும். முன்மூலை ஒன்றில் அஃது அடங்கும். மந்தாரை அதனினும் சிறிது. பவழமல்லிக்கோ எட்டுப் பத்தடி போதும். அரை நாழிகை செலவிட்டு இவ்வட்டங்களை வரைவோர் பிற்காலத்தில் ஒரு மரத்தின் உயிரைக் காப்பவராவர்.

பொதுவாகக் கூறுமிடத்து, சிறு மரங்களைச் சுவரினின்றும் பத்தடியும், நடுத்தர மரங்களைப் பதினைந்து முதல் இருபதடியும், பெருமரங்களை முப்பதடியும் தள்ளி நடுதல் நன்று. மின்கம்பியின் நேர்கீழே எம்மரமும் ஆகாது. ஆண்டுதோறும் தலை வெட்டப்படும் மரம் பூவையும் இழக்கும், வடிவையும் இழக்கும்.

திசையும் நோக்கத் தக்கது. நம் நாட்டில் வீட்டைச் சுடுவது மாலை வெயிலே. ஆதலின் மேற்குப் பக்கத்தில் இலையுதிராத மகிழ மரம் ஒன்று நிற்குமாயின், அது சுவரின் வெம்மையைத் தணிக்கும். கோடையில் இலையுதிர்த்துப் பூக்கும் மரங்களை நிழல் கருதி அங்கு நடுதல் பயன் தராது. நிழல் வேண்டும் காலத்திலேயே அவை வெறுங்கிளையாய் நிற்கும்.

இனம்

நம் மனைகளுக்குத் தக்க மலர் மரங்களுட் சிலவற்றை இனிக் காண்போம்.

கொன்றை: சரக்கொன்றை என வழங்குவது இதுவே. சித்திரை, வைகாசியில் இலைகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டுப் பொன்னிறப் பூங்கொத்துக்களைச் சரஞ்சரமாகத் தொங்கவிடும். நீண்ட கரிய உருண்டைக் காய்களினுள் தடுக்குத் தடுக்காக விதைகள் அமைந்திருக்கும். முல்லை நிலத்துக்குரிய கார்காலப் பூவாகச் சங்கப் புலவர் இதனைப் பாடினர். குறுந்தொகையின் 66ஆம் பாட்டில், தலைவன் மீள்வதாகக் கூறிச் சென்ற கார்காலம் வந்தும் அவன் வாராமையால் தலைவி வருந்துகின்றாள். தோழி அவளைத் தேற்ற விரும்பி, பருவமல்லாப் பொழுதிற் பெய்த மழையைக் காரென மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது என்று மரத்தின்மேல் அறியாமையை ஏற்றிக் கூறுகின்றாள். தோழியின் சொல்லில் ஓர் உண்மை உண்டு. மரங்கள் பூப்பது நாட்குறிப்பைப் பார்த்து அன்று. நீண்ட வறட்சியும், அதன்பின் வரும் சிறு மழையும், வெப்பமும், பகலின் நீட்சியும் பல மரங்களின் பூக்கும் காலத்தை மாற்ற வல்லன.

மந்தாரை: ஆவின் குளம்பு போல நடுவிற் பிளந்த இலையுடையது. மேனாட்டு நூல்வல்லார் இவ்வினத்துக்குப் பௌஹினியா என்று பெயரிட்டனர். பௌஹின் என்னும் பெயருடைய தாவர நூல்வல்ல உடன்பிறந்தார் இருவரின் நினைவாக, ஓரிலையே ஈரிலையாய்த் தோன்றும் இம்மரத்துக்கு லின்னேயஸ் இட்ட பெயர் அது. மந்தாரையுள் ஒருவகை ஐப்பசி, கார்த்திகையிலும், மற்றொருவகை மாசி, பங்குனியிலும் பூக்கும். சிறு மனைக்கு இதனினும் இணக்கமான மரம் காண்பது அரிது.

பூமருது: இளஞ்சிவப்பு நீலத்தோடு கலந்தாற் போன்ற பூக்கதிர்களைக் கோடையில் நிமிர்த்திக் காட்டும். ஈரம் மிக்க நிலத்தை விரும்புவது. குளக்கரைக்கும், கிணற்றடி நீர் பாயும் தோட்டத்துக்கும் ஏற்றது.

மகிழம்: பூ மிகச் சிறிது, மணமோ மிகப் பெரிது. உலர்ந்த பின்னும் மணம் நீங்காமை இதன் தனிச் சிறப்பு. வளர்ச்சி மெல்லியது; மரம் வலியது; காற்றுக்கு எளிதில் முறியாது.

பவழமல்லி: மாலைக்குப் பின் மலர்ந்து வைகறையில் உதிர்வது. பவழக் காம்பும் வெண்ணிற இதழும் உடைய இம்மலர்கள் விடியலில் நிலத்திற் பரந்து கிடக்கும். படுக்கையறைச் சாளரத்தின் அருகே நட்டால் இரவெல்லாம் மணம் வரும்.

அசோகு: இங்கு ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் வேண்டும். வீடுகளின் வாயிலில் தூண்போல் நெடிதாய் நின்று, அசோக மரம் என்று பலராலும் சொல்லப்படுவது உண்மையில் நெட்டிலிங்கமாகும். அதன் பூ பசுமை நிறத்தது. இலைகளுக்கிடையே கண்ணிற் படுவதும் அரிது. மெய்யான அசோகு வேறு. அது செம்மஞ்சட் பூக்களை அடர்ந்த கொத்துக்களாக ஈன்று, தளிர்க்கும்பொழுது செந்தளிர்களைத் தொங்கவிடுவது. காடுகளில் அருகி வருவதாக உலகப் பட்டியல்களில் இடம்பெற்றுவிட்ட இம்மரத்தைச் சிறிது நிழலும் ஈரமும் உள்ள மனைகளில் வளர்த்தல் அழகுக்கும் ஆகும், அறத்துக்கும் ஆகும்.

கடற்கரை ஊர்களில் வாழ்வோர்க்குப் புன்னையும் பூவரசும் உரியன. உப்புக் காற்றையும் மணற்பாங்கான நிலத்தையும் இவை பொறுக்கும். பூவரசின் மலர் காலையில் மஞ்சளாய் மலர்ந்து பின்னர்ச் செந்நிறம் எய்தி வாடும். ஒரே மரத்தில் இருநிறப் பூக்கள் தோன்றுவது இதனாலேயே. மண்ணே இல்லாத மாடி வீடுகளில் வாழ்வோரும் மனந்தளர வேண்டுவதில்லை. ஈழத்தலரி பெரிய தொட்டியிலும் வளர்ந்து பூக்கும்.

விலக்கத் தக்கனவும் சில உள. தென்னமெரிக்காவினின்று வந்த நாகலிங்கம் காணத் தகும் மலருடையது. ஆயின் பீரங்கிக் குண்டனைய அதன் காய்கள் சிறுவர் விளையாடும் முற்றத்தில் விழுதல் ஆகாது. அது பூங்காவுக்கே உரியது. பொன்னரளியின் எல்லா உறுப்பும், சிறப்பாக விதை, கொடிய நஞ்சு. குழந்தைகளும் கால்நடைகளும் உள்ள வீட்டில் அதனை வளர்த்தல் தகாது. மரமல்லி மணமிக்கதே; எனினும் அதன் கிளைகள் எளிதில் முறிவன.

செம்மயிற்கொன்றை மடகாஸ்கர்த் தீவினது. தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்பநாடுகளினது. அயல்நாட்டன என்ற காரணம் பற்றியே அவற்றை வெறுத்தல் முறையன்று. கோடையிற் செம்மயிற்கொன்றை தரும் காட்சியை யார் மறுப்பார்? ஆயின் அதன் வேர் மேலோட்டமாகப் பரவுவது. மரமோ வலிமை குறைந்தது. 2016ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் சென்னையைத் தாக்கிய வர்தா புயலிற் பல்லாயிரம் மரங்கள் வீழ்ந்தன. வீழ்ந்தவற்றுள் இத்தகைய மரங்களே மிகுதி என்பது பலரும் கண்டு கூறியது. குழாய்க்கும் கால்வாய்க்குமாக வேர்கள் ஒருபுறம் அறுக்கப்பட்டிருந்ததும், அடிமரத்தைச் சுற்றிச் சிமிட்டி பூசி மண்ணை மூடியிருந்ததும் அவ்வழிவை மிகுவித்தன. அகன்ற வெளியில் நிற்கத்தக்க மரத்தை ஒடுங்கிய மனையில் நிறுத்தி, அதன் வேரையும் அறுத்துவிட்டுக் காற்றைப் பழிப்பதனாற் பயன் என்னை?

நடுகை

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் புரட்டாசி இறுதியும் ஐப்பசியும் நடுவதற்கு ஏற்ற காலம். தென்மேற்கு மழை மிகுதியாகப் பெறும் குமரி மாவட்டம் போன்ற இடங்களில் ஆனித் திங்களிலும் நடலாம்.

மழைக்கு இரண்டு மூன்று வாரங்கட்கு முன்பே நீளம், அகலம், ஆழம் மூன்றும் மும்மூன்றடியாகக் குழி தோண்டி வெயிலில் ஆறவிடுதல் வேண்டும். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே குவித்து, மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழுவுரம் கலந்து குழியை நிரப்புக. களிமண் நிலமாயின் மணலும் சேர்க்க. மக்காத சாணம் வேரைச் சுடும், கறையானையும் அழைக்கும்.

கன்று வாங்கும்பொழுது உயர்ந்ததைத் தேடாது உறுதியானதைத் தேடுக. பையினுள் நெடுநாள் அடைபட்ட கன்றின் வேர் வட்டமாகச் சுருண்டிருக்கும். அவ்வாறே நட்டால் வேர்கள் பிற்காலத்தில் மரத்தையே இறுக்கும். பையை முற்றும் நீக்கி, சுருண்ட வேர்களைப் பிரித்துவிட்டு, கன்று பையில் எவ்வளவு ஆழத்தில் நின்றதோ அவ்வளவு ஆழத்திலேயே நடுக. அடித்தண்டை மண்ணால் மூடுவது அழுகலுக்கு வழி. காற்றுக்கு அசையாதபடி ஒரு கோல் நாட்டி, துணியால் தளர்வாகக் கட்டுதல் நன்று. கம்பியாற் கட்டின் அது பட்டையை அறுக்கும்.

விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு. கொன்றை விதையின் தோல் மிகக் கடினமானது. அப்படியே விதைத்தால் நெடுநாள் உறங்கும். ஒரு பக்கம் சிறிது உரசிவிட்டு, கொதித்து இறக்கிய நீரில் இட்டு, ஓர் இரவு ஊறவைத்து விதைக்க. புன்னைக் காயின் ஓட்டை நீக்கினால் விரைந்து முளைக்கும். பூவரசைப் போத்து வெட்டி நட்டே வளர்க்கலாம். ஈழத்தலரியின் கிளையை ஓரடி நீளத்துக்கு வெட்டி, பால் வடிந்து வெட்டுவாய் உலரும் வரை ஒரு வாரம் நிழலில் வைத்து நட்டால் வேரூன்றும். ஈரம் காயாமல் நட்டால் அழுகும்.

பேணுகை

நாள்தோறும் ஒரு செம்பு நீர் வார்ப்பது அன்பின் அடையாளமாகத் தோன்றினும் கன்றுக்கு நன்மை செய்வதன்று. மேல்மண் மட்டும் நனையின் வேரும் மேலேயே பரவும். நீர் ஆழத்திற் சென்றாற்றான் வேரும் ஆழத்திற் செல்லும். ஆதலின் வாரத்துக்கு இருமுறை, ஒரு குடம் இரு குடமாக மெல்ல ஊறும்படி பாய்ச்சுதல் சிறந்தது. அடியைச் சுற்றி உதிர்ந்த இலைகளைப் பரப்பிவைத்தால் ஈரம் காக்கப்படும். இலைக்குவை அடித்தண்டைத் தொடாது சிறிது விலகி இருத்தல் வேண்டும். முதல் இரண்டு கோடைகளைக் கடந்த மரம் பெரும்பாலும் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

"எங்கள் மரம் செழித்து வளர்கின்றது, பூக்கவில்லையே" என்று வருந்துவோர் பலர். மிகுந்த நீரும் மிகுந்த உரமும் இலையையே பெருக்கும். கோடையிற் பூக்கும் மரங்களுக்கு வறட்சி ஒரு துன்பம் அன்று. இலை வளர்ச்சியை நிறுத்திச் சேர்த்துவைத்த உணவைப் பூவாக்கும் காலம் அது. நிழலில் நட்ட கொன்றையும் சரியாகப் பூக்காது. விதையால் வளர்த்த மரங்கள் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே முதற் பூவைக் காட்டும் என்பதையும் மறத்தலாகாது.

கிளை கழித்தலுக்கும் காலம் உண்டு. பொதுவாகப் பூத்து முடிந்த பின்னரே கழித்தல் வேண்டும். பூமருது புதுத்தளிரின் நுனியிற் பூப்பதாதலின் அது இலையுதிர்ந்து நிற்கும் காலத்திற் கழித்தல் தகும். உலர்ந்தனவும், ஒன்றோடொன்று உரசுவனவும், மனிதர் நடக்கும் வழியை மறிப்பனவும் ஆகிய கிளைகளை மட்டும் நீக்கினாற் போதும். தலையை மொட்டையடிப்பது மரத்தை மீண்டும் மீண்டும் நலிவிக்கும்.

அணி

தனித்தனி மரங்கள் அழகியனவாயினும் அவற்றின் சேர்க்கையே தோட்டத்துக்கு அணி. இக்கலையிற் பெயர் பெற்றவர் க்ரும்பீகல் என்பார். ஜெர்மனியிற் பிறந்து, 1893இல் இந்தியாவுக்கு வந்து பரோடாவிற் பணியாற்றிய இவர், 1908இல் மைசூர் அரசின் பணியில் அமர்ந்து பெங்களூர் லால்பாக் தோட்டத்தைப் பேணினார். ஒரு மரம் பூத்து ஓயும்பொழுது மற்றொன்று பூக்கத் தொடங்குமாறு இனங்களைத் தேர்ந்து நட்டு, ஆண்டு முழுவதும் நகரம் பூவின்றி இராதபடி செய்தது இவரது திறம் என்பர். பெங்களூர் கடல்மட்டத்தினின்றும் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயர்ந்தது. அங்கு நீலமாய்ப் பூக்கும் ஜகரண்டா நம் வெப்பச் சமவெளியில் அத்துணைப் பொலிவதில்லை. ஆதலின் நாம் கொள்ளத் தக்கது அவர் நட்ட மரங்களை அன்று. அவர் கொண்ட முறையை.

அம்முறையை நம் திங்கள்களுக்கு ஏற்பக் கோத்துப் பார்ப்போம். மாசி, பங்குனியில் அசோகும் மந்தாரையும். சித்திரை, வைகாசியிற் கொன்றையும் பூமருதும். ஆடி, ஆவணியிற் கடம்பு. புரட்டாசி முதல் மார்கழி வரை பவழமல்லி. இடையிடையே ஆண்டின் பெரும்பகுதியும் பூவரசு. கடம்பு பெருமரமாதலின் அகன்ற தோட்டமுடையார்க்கே உரியது. ஒரு மனையில் இவை எல்லாம் அடங்கா. ஆயின் ஒரு தெருவார் தம்முட் கலந்து, வீட்டுக்கு ஒன்றாக நட்டால் அத்தெரு முழுவதும் ஆண்டெல்லாம் பூக்கும். தனி மனையின் குறைவை அண்டை வீடு நிரப்பும்.

நிறமும் பின்னணியும் இயைய வேண்டும். கொன்றையின் பொன்னிறம் வெறும் வானத்தின்முன் வெளிறித் தோன்றும். கரும்பசுமையான மகிழத்தின் முன்னே நின்றால் ஒளிவிடும். பவழமல்லியின் அடியிற் கல் பாவுதலினும் புல்லோ, பெருக்கிய மண்தரையோ இருத்தல் நன்று. உதிர்ந்த பூ அங்கேதான் அழகு பெறும். சிறு மனையிற் பல மரங்களை நெருக்குவதினும் ஒரு மரத்தை அதன் முழு வடிவில் நிற்க விடுதலே மேலானது.

மரத்தால் வரும் பயன் கண்ணோடும் மூக்கோடும் நிற்பதில்லை. கொன்றை பூத்தால் கருவண்டுகள் வரும். வண்டு வந்தால் காய் பிடிக்கும். கிளை தழைத்தால் குருவி கூடுகட்டும். வெயிலில் நடந்து வரும் அஞ்சற்காரரும் காய்கறி விற்கும் அம்மையாரும் மதிலுக்கு வெளியே கவிந்த நிழலிற் சிறிது நின்று போவர். நட்டவன் பெயரை அவர்கள் அறியார். அறிய வேண்டுவதும் இல்லை.

மகிழம் போன்ற மெல்ல வளரும் மரத்தை முதுமையில் நடுபவர் பிறர்க்காக நடுகின்றார். மாணவராகிய நாமோ அதன் நிழலைத் தாமே துய்க்கும் பேறும் உடையோம். கல்லூரியை விட்டு நீங்கி இல்லறம் ஏற்றுள்ள முன்னாள் மாணவர்களும், ஆசிரியப் பெருமக்களும் தம் மனையின் வடிவைத் தாளில் வரைந்து, அதில் ஒரு வட்டத்துக்கு இடம் உண்டா என்று பார்ப்பாராக. கோடையில் உதிரும் கொன்றைக் காய்களை எடுத்து வைத்தால், அடுத்த ஐப்பசிக்குக் கன்று ஆயத்தமாயிருக்கும்.